‘நூறு கொலை நிரூபணம்’ என்பது பொய்

மதுரைத் திரைப்பட ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘தி ஐஸ்மேன்’ (2012) படத்தில் வரும் கூலிக்கொலையாளி நூறு பேருக்கு மேல் கொன்றது நீதிமன்றத்தில் நிரூபணமானதாம். தவறு.

அந்த எண்ணிக்கை நீதிபதி சொன்னதல்ல, அந்தப் பாத்திரத்தின் நிஜ மனிதரான ரிச்சர்ட் குக்லின்ஸ்கி தானே சொன்னது. நியூ ஜெர்சியில் 1986 டிசம்பரில் கைதான அவர், சிறையிலிருந்து அளித்த பேட்டிகளில் நூறு, இருநூறு என்று கணக்கை மாற்றிக்கொண்டே போனார். தீர்ப்பானவை ஐந்து: 1988இல் நான்கு, 2003இல் அவரே ஒப்புக்கொண்ட நியூயார்க் போலீஸ்காரர் கொலை ஒன்று. நம் ஊர் டீக்கடையில் ஒரு ரவுடி தன் வீரத்தை அளந்தால் பாதியைக் கழித்துவிட்டுத்தானே கேட்கிறோம்?

‘ஐஸ்மேன்’ என்ற அவருடைய பட்டப்பெயருக்கு ஆதாரம் உண்டு. கொலை எப்போது நடந்தது என்பதை மறைக்க ஓர் உடலை உறையவைத்திருந்தார். 1983இல் அது கிடைத்தபோது, உள்ளே பனித்துகள்கள் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது.

படத்தை, குக்லின்ஸ்கியாக நடித்த மைக்கேல் ஷானனின் இறுகிய முகத்துக்காகத் தாராளமாகப் பார்க்கலாம். வழக்கு ஆவணமாகப் பார்க்க வேண்டாம். குக்லின்ஸ்கியின் மனைவி பெயரே அதில் வேறு.