சம்பளம் எந்தத் தேதிக்கு வரும்?

போன ஞாயிறு அக்கா மகள் போன் செய்தாள். மெக்கட்ரானிக்ஸ் முடித்து மூன்று மாதம் ஆகிறது, கையில் இரண்டு ஆஃபர். ஒன்று ஒரகடம் பக்கம், பல ஆயிரம் பேர் வேலை பார்க்கும் வாகனத் தொழிற்சாலை. இன்னொன்று கோவை கணபதியில், ஆர்டருக்கு மெஷின் வடிவமைத்துக் கொடுக்கும் எட்டுப் பேர் கம்பெனி. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடம். "ரெண்டுல எதுக்குப் போறதுங்க மாமா?"

எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான். 2008-ல் கோவை பீளமேட்டில் 17 பேர் வேலை செய்த ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில், அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் இடத்தில், சேர்ந்தேன். ஐந்து வருடம் இரண்டு மாதம் கழித்துச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே எட்டு வருடம். இப்போது திரும்பக் கோவையில், அறுபது பேர் இருக்கும் இடத்தில், இரண்டுங்கெட்டானாக இருக்கிறேன்.

அவளுக்குப் போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

"முதல்ல சின்ன கம்பெனியில சேரு, எல்லா வேலையும் கத்துக்கலாம்" என்று சொல்லாத ஆளே இல்லை. அது பொய் இல்லை. நான் அங்கே இருந்த காலத்தில்தான் கோவையில் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. மதியம் 2 மணிக்குக் கரண்ட் போகும் என்றால், முடிக்க 40 நிமிடம் ஆகும் பீஸை 1.20-க்கு மேல் மெஷினில் ஏற்றக் கூடாது. பாதியில் நின்றால் டூலும் போச்சு, பீஸும் போச்சு. இதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. இரண்டு பீஸைக் கெடுத்துத்தான் கற்றேன். ப்ரோகிராம் போடுவது, டெலிவரி சலான் எழுதுவது, டெம்போவில் ஏறிப் போய்ச் சரக்கை இறக்குவது, வரும்போது கூலன்ட் ஆயில் வாங்கி வருவது என்று எல்லாமே என் வேலைதான். ஒரு முறை 200 பீஸ் ரிஜெக்ட் ஆகி, அதற்கான பணத்தைப் பிடிப்பதாகக் கஸ்டமரிடமிருந்து டெபிட் நோட் வந்தது. முதலாளி கோபப்படவில்லை. அன்று ராத்திரி பஸ்ஸில் என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போய், கஸ்டமரின் பர்ச்சேஸ் மேனேஜர் முன்னால் உட்கார வைத்து, "நீயே சொல்லு" என்றார். எனக்கு அப்போது 23 வயது. அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது இன்று வரை சோறு போடுகிறது.

ஆனால் இதைச் சொல்பவர்கள் இன்னொன்றைச் சொல்வதில்லை. தப்பையும் அங்கேதான் கற்றேன், அதுவும் திருத்த ஆளில்லாமல். எங்கள் பட்டறையில் உள்விட்டத்தை வெர்னியர் வைத்துத்தான் அளப்போம். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு, மூன்று பங்கு வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டிய துளை அது. துளையைத் துல்லியமாக அளக்கப் போர் கேஜ் என்று ஒன்று இருப்பது தெரியும், விலை அதிகம் என்று முதலாளி வாங்கவில்லை. ஐந்து வருடத்தில் எனக்கே அது பழகி, வெர்னியர் போதும் என்று நம்பத் தொடங்கிவிட்டேன். பெரிய கம்பெனிக்குப் போன முதல் வாரம், நான் வெர்னியரைத் துளைக்குள் விடுவதைப் பார்த்து ஒரு சீனியர் சத்தம் போடாமல், "தம்பி, இதோட காலிப்ரேஷன் சர்டிபிகேட் எங்கே?" என்று மட்டும் கேட்டார். காலிப்ரேஷன் செய்த, அதாவது சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சான்று வாங்கிய வெர்னியரை நான் அதுவரை கையில் பிடித்ததே இல்லை. அந்த 200 பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது ஆள் கணக்கு. வேலை தேடும் பிள்ளைகள் இதைப் பார்ப்பதே இல்லை. 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம். 10 பேர் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி எல்லாம். எங்கள் பட்டறையில் 17 பேர். ஆர்டர் குவிந்தபோதுகூட 19-ஐத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. கிராஜுவிட்டிக்கு எனக்கு உரிமை இருந்தது. ஐந்து வருடம் முடித்திருந்தேன், கடைசிச் சம்பளம் 14,000. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதை 26-ஆல் வகுக்கும் கணக்கில் சுமார் 40,000 ரூபாய். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு வாட்ச் கொடுத்தார். நல்ல மனிதர்தான், இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்கா மகளுக்கு வந்திருப்பது எட்டுப் பேர் கம்பெனி. பத்துக்குக் கீழே. அங்கே 26 வார மகப்பேறு விடுப்பு சட்டப்படி கட்டாயமில்லை. பாலியல் தொல்லை என்று ஒன்று நடந்தால் கம்பெனிக்குள் புகார்க் குழு இருக்காது, மாவட்ட அளவிலான குழுவிடம்தான் போக வேண்டும். 22 வயதுப் பெண்ணிடம் மகப்பேறு விடுப்பைப் பற்றிப் பேசினால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்ன கம்பெனியில் என்னை உண்மையில் அரித்தது வேலையும் இல்லை, சட்டமும் இல்லை. சம்பளத் தேதி. ஒரு மாதம் 7-ம் தேதி வரும், ஒரு மாதம் 12. ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதம் 19-ம் தேதி வந்தது. அப்பா பென்ஷனில் வீடு ஓடியதால் எனக்குப் பிரச்சினை இல்லை. என்னோடு வேலை பார்த்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவருக்கு வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். 10-ம் தேதி தாண்டினால் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்கார மாட்டார், மெஷின் பக்கத்திலேயே நின்றுகொள்வார். "சின்ன இடத்துல சேரு, கத்துக்கலாம்" என்கிற அறிவுரை எனக்குப் பொருந்தியதற்குக் காரணம் என் அப்பாவின் பென்ஷன். அந்த அண்ணனுக்கு அது பொருந்தவில்லை. அவர் ஒரு வருடத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். சம்பளம் குறைவு, ஆனால் ஒன்றாம் தேதி வரும்.

முதலாளி ஏமாற்றுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அது தப்பு என்று தெரிந்தது பெரிய கம்பெனியில். என் வேலை சப்ளையர் தரக் கட்டுப்பாடு, அதாவது பீளமேடு மாதிரி இடங்களிலிருந்து வரும் பாகங்களைப் பார்ப்பது. ஒருமுறை இன்வாய்ஸில் 480 பீஸ், ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்ததில் 478. இரண்டு பீஸ் குறைந்ததால் பில் நின்றது. அதைச் சரிபார்த்து ஓகே கொடுக்க வேண்டியவன் நான். தங்கை கல்யாணத்துக்காக ஐந்து நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மெயில் என் இன்பாக்ஸில் தூங்கியது. எங்களுக்குப் பேமென்ட் மாதம் இரண்டு முறைதான் ஓடும். அந்த முறை தவறினால் பதினைந்து நாள் போச்சு. திரும்பி வந்த அன்று காலையில் சப்ளையர் போன் செய்தார். "சார், அந்த 480 பில்லு... பசங்களுக்குச் சம்பளம் போடணும் சார்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பீளமேட்டில் என் முதலாளி, கேபின் கதவைச் சாத்திக்கொண்டு, அதே இழுவையில் அதே வாசகத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். மறுமுனையில் இருந்தது யார் என்று அன்று தெரியாது. அது என்னைப் போல லீவு முடிந்து வந்த ஒரு ஆள்.

சட்டம் இருக்கிறது. 2006-ம் வருடச் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. புகார் செய்ய 2017-ல் சமாதான் என்று ஒரு இணையதளம்கூடத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த சப்ளையர் ஒருவரும் அதில் புகார் செய்ததில்லை. செய்தால் 45 நாள் பணம் வரும், 46-வது நாள் ஆர்டர் நிற்கும். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், காலத்தில் கொடுக்காமல் பாக்கி வைத்த பணத்தை, சரக்கு வாங்கிய கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் தெரிகிறது என்கிறார்கள் நண்பர்கள்.

அதனால் சின்ன கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதோடு, யாருக்குச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே ஒரு பெரிய கஸ்டமரை நம்பி இருக்கும் சின்ன கம்பெனியில் சேர்ந்தால், நீங்கள் வேலை பார்ப்பது அந்தப் பெரிய கம்பெனிக்குத்தான். அவர்கள் கேன்டீன் சாப்பாடு மட்டும் உங்களுக்குக் கிடைக்காது.

பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு என்று நம்பும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் திறந்தபோது அங்கே வேலை கிடைத்தது ஊரில் பெரிய பெருமை. ஆயிரக்கணக்கான பேர், அதில் நிறையப் பெண்கள். 2014 நவம்பரில் மூடினார்கள். மறைமலை நகர் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் ஒரு அறிவிப்பு, அடுத்த வருடம் உற்பத்தி நின்றது. அங்கே நன்றாக வேலை பார்த்தவனும் போனான், பார்க்காதவனும் போனான். முடிவெடுத்தவர்கள் வேறு கண்டத்தில் இருந்தார்கள். பட்டறையை மூடுவதாக இருந்தால் என் முதலாளி ஆறு மாதம் முன்பே முகத்தில் காட்டிவிடுவார்.

பெரிய இடத்தில் இன்னொரு நோய், எட்டு வருடத்தில் ஆறு வருடம் நான் பார்த்தது ஒரே வகைப் பாகம். தண்ணீர் பம்பின் மூடி. கனவில் வந்தது. அதற்குப் பதிலாக, ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடச் சம்பளம் தாமதமில்லை (எட்டாவது வருடம் கொரோனா, அதை விட்டுவிடலாம்), வீட்டுக் கடன் கேட்டபோது வங்கி மேனேஜர் கம்பெனி பெயரைப் பார்த்துத் தலையசைத்தார், பெண் வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. இந்தக் கடைசி இரண்டும் அற்பம் என்று பேசுபவர்களுக்குச் சொந்த வீடு இருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும்.

அக்கா மகளின் ஆஃபர் லெட்டருக்கு வருவோம். பெரிய கம்பெனி வருடம் 4,20,000 என்கிறது. மாதம் 35,000 என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. உட்கார்ந்து பிரித்தோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 2,100 அதற்குள்தான். கிராஜுவிட்டிக்கு 842, அதுவும் ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். வருடக் கடைசியில் 'செயல்பாட்டைப் பொறுத்து' தருவதாகச் சொல்லும் தொகை மாதக் கணக்கில் 3,500. அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,100. கைக்கு 26,000 சொச்சம். ஹாஸ்டலுக்கும் ஊர் வந்து போகவும் 9,000 கழித்தால் 17,000. சின்ன கம்பெனி தருவது 22,000, பிடித்தம் எதுவும் இல்லை, அம்மா கைச் சாப்பாடு.

என் மனம் சின்னதன் பக்கம்தான் சாய்ந்தது. அக்கா வீட்டில் அத்தான் சம்பளம் வருகிறது, கடன் இல்லை, ஒரு மாதம் தாமதமானால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். மூன்று வருடம் இருந்துவிட்டு வெளியே வரட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை நேரில் போய் மூன்று கேள்வி கேட்டு வரச் சொன்னேன். போன ஆறு மாதமும் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? எத்தனை கஸ்டமர்? அவளுக்கு வேலை சொல்லித் தரப்போகும் ஆள் இதற்கு முன் எங்கே வேலை பார்த்தவர்?

சாயங்காலம் போன் வந்தது. மூன்றுக்கும் நல்ல பதில். சம்பளம் எப்போதும் 5-ம் தேதி, முதலாளி பாஸ்புக்கையே காட்டியிருக்கிறார். ஆறு கஸ்டமர். சொல்லித் தருபவர் பெரிய மெஷின் டூல் கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர்.

"அப்புறம் என்ன, சேர்ந்துடு" என்றேன்.

"நான் இன்னொண்ணும் கேட்டேங்க மாமா. லேடீஸ் டாய்லெட் எங்கேன்னு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நல்லவங்க, அவங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்னாருங்க."

என் மூன்று கேள்வியில் அது இல்லை. பதினேழு பேர் பட்டறையில் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

வரும் 14-ம் தேதி ஒரகடத்தில் சேர்கிறாள். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.