தெர்மோகோல் இறக்கைக்கு உடனடிப் பசை வேண்டாம்

தர்மபுரியில் பள்ளிக் கண்காட்சிக்காக மாதிரி விமானம் செய்யும் மாணவரிடம், "எல்லாவற்றுக்கும் உடனடிப் பசை ஒன்றே போதும், நொடியில் ஒட்டிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பால்சா என்ற லேசான மரத்துக்கு அது சரி. தெர்மோகோலுக்கு அதைச் சொன்னதுதான் வினை.

உடனடிப் பசை என்பது சயனோஅக்ரிலேட், சுருக்கமாகச் சயனோ. அதன் சாதாரண வகை தெர்மோகோலை அரித்துவிடும். சந்தேகம் இருந்தால் வெட்டிப்போட்ட துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெள்ளை மணிகள் சுருங்கிக் குழி விழும். நுரைப்பொருளுக்கென்றே தனி சயனோ வகை உண்டு, விலைதான் அதிகம். மாணவருக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். ஆனால் அதிலுள்ள நீர் வெளியேற வழி வேண்டும். இரண்டு தெர்மோகோல் பலகைகளுக்கு நடுவே அப்பி வைத்தால் ஓரம் காய்ந்தாலும் உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். மெலிதாகத் தடவி, குண்டூசி குத்தி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

மோட்டார் பொருத்தும் பலகைக்கு எபாக்சிதான், அதாவது பிசின் ஒரு குழாயிலும் அதை இறுகவைக்கும் கடினமாக்கி இன்னொன்றிலும் வரும், கலந்து பூசும் பசை. சயனோ காய்ந்தால் விறைத்துவிடும், அதிர்வில் விட்டுப்போகும். இரண்டு குழாய்களிலிருந்தும், உறையில் போட்டிருக்கும் அளவுப்படியே எடுங்கள். கடினமாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது வெறும் நம்பிக்கை, பிசுபிசுவென்றே நின்றுவிடும்.

சூட்டுப் பசைத் துப்பாக்கியும் வேலைக்கு ஆகும். ஆனால் சித்திரை வெயிலில், மூடிய காரில் விமானத்தைக் கிருஷ்ணகிரி வரை கொண்டுபோனால் ஒட்டு இளகலாம்.

இன்னொன்று: சிந்திய சயனோவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும்.