தம்பி இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்

(அக்கா வீட்டு கராஜ். மேசை மேல் மோட்டார் சைக்கிள் இன்ஜின் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் மிச்சம் மூலையில் போர்வைக்குள். தம்பி குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா கெமிஸ்ட்ரி டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வந்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் வீட்டிலும் விடவில்லை.)

அக்கா: குளிர் ஆரம்பிச்சப்போ "பெயிண்ட் அடிக்கணும், கொஞ்சம் இடம் கொடு"ன்னு வந்தே. இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருக்கே?

தம்பி: பெயிண்ட் வேலைதான்க்கா நடக்குது.

அக்கா: பெயிண்ட் எங்கே?

தம்பி: ஷெல்ஃப்ல. இன்னும் மூடியே திறக்கல.

அக்கா: அப்போ நடக்கிறது என்ன வேலை?

தம்பி: பெயிண்ட் அடிக்கிறதுன்னாலே முக்கால்வாசி அழுக்கு எடுக்கிறதுதான். இந்த ஃபின்ஸ், அதான் சூடு ஆற வெச்சிருக்கிற இந்தத் தகடுங்க, இடுக்கைப் பாரு. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சூட்டுல இறுகிப் போயிருக்கு. மண்ணெண்ணெய் போட்டு ஊற வெச்சு, பிரஷ்ஷால தேய்ச்சு, சோப்புத் தண்ணியில அலசி, காய வெச்சு, கடைசியா பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைக்கணும். துடைக்கிற வெள்ளைத் துணி வெள்ளையாவே திரும்பி வர்ற வரைக்கும்.

அக்கா: எந்த வெள்ளைத் துணி?

தம்பி: அதை அப்புறம் பேசுவோமே.

அக்கா: சரி, அந்த டூத் பிரஷ் யாரோடது?

தம்பி: அத்தானோடது.

அக்கா: காலைல அவர் பாத்ரூம் பூரா தேடினாரேடா!

தம்பி: பார்க்கவே பாவமா இருந்துச்சு. நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அக்கா: என் ஓவன் கிளீனர் ஏன் இங்கே இருக்கு?

தம்பி: எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லா கேக்கும்னாங்க. இன்னும் தொடல.

அக்கா: தொட்டிருந்தா தொலைஞ்சே. அதுல காஸ்டிக் சோடா. அலுமினியத்துல பட்டா ஹைட்ரஜன் நுரைச்சுக்கிட்டு வரும், உலோகத்தையே அரிச்சுக் கருக்க வெச்சுடும். வருஷா வருஷம் டெஸ்ட் டியூப்ல செஞ்சு காட்டறேன். உனக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தம்பி: அன்னிக்கு டெஸ்ட் டியூப்ல மோட்டார் சைக்கிள் இல்லியேக்கா. இருந்திருந்தா கவனிச்சிருப்பேன்.

அக்கா: மணல் அடிச்சுத் தர்றவங்க கிட்டக் கொடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே?

தம்பி: இன்ஜினை முழுசாப் பிரிச்சிருந்தா கொடுக்கலாம். இது பிரிக்காத இன்ஜின். ஒரு துளி மணல் உள்ளே போய் எண்ணெய் ஓடுற துவாரத்துல சிக்கினா பேரிங் காலி. வெளியே மாப்பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

(இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவன்தான் அத்தானின் டூத் பிரஷ்ஷைத் திருடியவன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.)

அக்கா: அந்த அட்டையில என்னடா, ஸ்க்ரூவா குத்தி வெச்சிருக்கே? பில்லி சூனியமா?

தம்பி: அதைத் தொடாதே! கிளட்ச் கவர் படம் வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலிருந்து வந்துச்சோ அங்கேயே குத்தியிருக்கேன். பார்க்க எல்லாம் ஒண்ணு போல இருக்கும், நீளம் வேற வேற. நீள ஸ்க்ரூவைக் குட்டி ஓட்டையில திணிச்சா இன்ஜினோட வெளிக்கூடே விரிசல் விடும். குட்டியை நீள ஓட்டையில போட்டா நாலு மரையைத்தான் பிடிக்கும், முறுக்கும்போது அதுவும் பிய்ஞ்சு வந்துடும்.

அக்கா: இதுல நாலைஞ்சு ஸ்க்ரூவுக்குத் தலையே இல்லையே.

தம்பி: ஜப்பான் வண்டிக்கா. பார்க்க ஸ்டார் ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும், ஆனா அது நம்ம ஊரு ஃபிலிப்ஸ் இல்ல, ஜே.ஐ.எஸ்.னு ஜப்பானோட தனி அளவு. நம்ம ஸ்க்ரூடிரைவர் அதுல முழுசா இறங்காது. திருகினா நழுவி மேல ஏறி, தலையை மழிச்சுட்டுப் போயிடும்.

அக்கா: இது எப்போ தெரிஞ்சுது?

தம்பி: நாலைஞ்சு ஸ்க்ரூவுக்கு அப்புறம்.

(அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். திட்ட வந்தவள் உட்கார்ந்துவிட்டால் பாதி தோற்ற மாதிரிதான்.)

அக்கா: என்ன கலர்?

தம்பி: கருப்பு.

அக்கா: இன்ஜினுக்குக் கருப்பா? சூடு ஏறாதா?

தம்பி: வெயில்ல நிக்கிற கார் கணக்கு வேற, இது வேற. கருப்பு சூட்டை...

அக்கா: கதிர்வீச்சா வெளியே விடும். தெரியும். பளபளன்னு இருக்கிற அலுமினியம், அதே சூட்டுல, கருப்பு விடறதுல பத்துல ஒரு பங்குதான் விடும். ஆனா வண்டி ஓடும்போது சூட்டைத் தூக்கிட்டுப் போறது பெரும்பாலும் காத்துதான். அதனால கலரை விட, எவ்வளவு தடிமனா அப்பறேங்கிறதுதான் விஷயம்.

தம்பி: அதான் மெல்லிசா ரெண்டு மூணு கோட். நான் ஆசைப்பட்டது அதுக்கில்லக்கா. 1948-ல இங்கிலாந்துல வின்சென்ட் பிளாக் ஷேடோன்னு ஒரு வண்டி வந்துச்சு. எல்லாரும் இன்ஜினைப் பளபளன்னு விட்டப்போ, அவங்க அதைக் கருப்பாக்கி விட்டாங்க. ஸ்பீடோமீட்டர் மணிக்கு 150 மைல் வரைக்கும் காட்டும்.

அக்கா: உன் வண்டி எவ்வளவு போகும்?

தம்பி: இப்போதைக்கு எங்கேயும் போகாது.

அக்கா: பிரைமர் வாங்கினியா? அலுமினியம் காத்துப் பட்டதுமே ஆக்சைடு படலம் போட்டுக்கும், சாதா பெயிண்ட் அதுல நிக்காது.

தம்பி: எட்ச் பிரைமர் இருக்கு.

அக்கா: பாஸ்பாரிக் ஆசிட் கலந்தது. பரவாயில்ல, தேறிட்டே. இப்ப எதுக்குடா இன்ஜினைச் சுத்தியலால தட்டறே?

தம்பி: மாஸ்கிங், பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடறது. ரெண்டு பாகத்துக்கு நடுவுல வைக்கிற கேஸ்கெட் உட்கார்ற பரப்புல பெயிண்ட் பட்டா எண்ணெய் கசியும். டேப்பை அகலமா ஒட்டிட்டு, விளிம்பு மேல சுத்தியலோட உருண்டைப் பக்கத்தால மெல்லத் தட்டிக்கிட்டே போனா, டேப் விளிம்போடவே வெட்டுப்பட்டு நிக்கும். பிளேடு வேண்டாம், கீறலும் விழாது. பிளக் ஓட்டைக்குப் பழைய பிளக். கார்புரேட்டர், சைலன்சர் வர்ற ஓட்டைக்கெல்லாம் துணி அடைச்சு, மேல டேப்.

அக்கா: அந்தத் துணி என் தலையணை உறை.

தம்பி: நல்ல காட்டன்க்கா. நூல் உதிராது.

அக்கா: இன்னும் என்னென்ன தேவைப்படும்? மொத்தமாச் சொல்லிடு, ஒரே தடவையாத் திட்டிடறேன்.

தம்பி: ஹேர் டிரையர். டப்பாவுல 10 டிகிரிக்குக் கீழ அடிக்காதேன்னு போட்டிருக்கு. இங்கே அவ்வளவு இல்ல. உலோகம் ஜில்லுன்னு இருந்தா பெயிண்ட் காயாம வழிஞ்சு இறங்கும்.

அக்கா: ஸ்ப்ரே டப்பாவுமில்ல ஜில்லுன்னு இருக்கும்?

தம்பி: அதை வெந்நீர்ல...

அக்கா: வெதுவெதுப்பான தண்ணின்னு சொல்லு. 50 டிகிரியைத் தாண்டினா டப்பா வெடிக்கலாம். ஸ்ப்ரே அடிக்கிறப்போ டிரையரும் ஓடக் கூடாது, அந்த வாயு குப்புன்னு பிடிச்சுக்கும். அப்புறம்?

தம்பி: ஓவன்.

அக்கா: என்னது?

தம்பி: கவர் மட்டும்தான்க்கா. 93 டிகிரி, இருபதே நிமிஷம். பெயிண்ட் நல்லா வெந்தாதான் பெட்ரோல் பட்டாலும் கரையாது.

அக்கா: அந்தப் புகையெல்லாம் ஓவன் சுவர்ல படியும். அப்புறம் அதுல சமைச்சு யார் சாப்பிடறது?

தம்பி: அத்தான்?

அக்கா: ஓவன் கிடையாது. வேற வழி?

தம்பி: மாட்டினதுக்கு அப்புறம் இன்ஜினையே ஓடவிட்டு வேக வைக்கலாம். கொஞ்ச நேரம் ஓட்டி, முழுசா ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, ஆறவிட்டு...

அக்கா: அதுவரைக்கும் என் கார் வெளியே நிக்கணும். தினம் காலைல கண்ணாடி பூரா பனி உறைஞ்சு கிடக்கு. அதைச் சுரண்டிட்டு ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள எனக்கு விரல் விறைச்சுப் போகுது.

தம்பி: சீக்கிரம் முடிச்சுடறேன்க்கா. ஆனா ரெண்டாவது கோட்டை ஒரு மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், இல்லேன்னா ஏழு நாள் கழிச்சுத்தான். நடுவுல அடிச்சா அடியில இருக்கிறது சுருங்கிக்கும்னு டப்பாவுல போட்டிருக்கு.

அக்கா: ஒரு மணி நேரத்துக்குள்ள அடிச்சுடு.

தம்பி: கண்டிப்பா.

(ஏழு நாள் கழிந்தது. அடித்தும் முடித்தான். அதற்கப்புறம் ஒரு நாள். வண்டி முழு வண்டியாக நிற்கிறது, இன்ஜின் கருகருவென்று. தம்பி ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்குகிறான். டிக். மறுபடி அமுக்குகிறான். டிக்.)

தம்பி: பேட்டரி புதுசு. பெட்ரோல் இருக்கு. பிளக் புதுசு.

அக்கா: பேட்டரியிலிருந்து வர்ற இந்தத் தடி ஒயரை எங்கே மாட்டியிருக்கே?

தம்பி: இன்ஜின் மேல. எர்த்.

அக்கா: அந்த இடத்துலயும் பெயிண்ட் அடிச்சியா?

தம்பி: அங்கே மட்டும் விட்டா அசிங்கமா இருக்கும்னு மூணு கோட்...

அக்கா: பெயிண்ட் வழியா எப்படிடா கரண்ட் போகும்? உப்புத்தாளை எடு.

(சுரண்டுகிறான். வெள்ளியாக ஒரு வட்டம் தெரிகிறது. ஒயரை மாட்டி, பட்டனை அமுக்கியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் சிலிண்டரைச் சுற்றிப் புகை. அக்கா வாளியைத் தூக்குகிறாள்.)

தம்பி: ஐயோ, ஊத்தாதே! சூடான அலுமினியம், விரிசல் விட்டுடும்! பெயிண்ட் வேகுது, முதல் தடவை புகை வரத்தான் செய்யும்!

அக்கா: முதல்ல கதவைத் திற. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முழுசாத் திற! இன்ஜினை நிறுத்து, போதும். நாளைக்குக் காரை உள்ளே விடலாமா?

தம்பி: இது முதல் சூடுக்கா. ஆறணும். இன்னும் ரெண்டு மூணு தடவை ஓட்டி ஆறவிட்டாத்தான் பெயிண்ட் கெட்டிப்படும். அதுவரைக்கும் வண்டியை நகர்த்தினா எங்கேயாவது உரசிடும்.

அக்கா: சரி. இந்தா, கார் சாவி.

தம்பி: எனக்கா? எதுக்கு?

அக்கா: தினம் காலைல ஏழு மணிக்குக் கண்ணாடி சுத்தமா இருக்கணும். இங்கே சுரண்டறதுல உன்னை விட்டா அனுபவசாலி யாரு?