வண்டி இருந்தது, ஆள் இல்லை

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். "எழுதினா சண்டைதான் வரும், விடுங்க" என்று வீட்டிலும் சொன்னாள். நேற்று ராத்திரி நம் மேரிலாந்துத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில், என்னைப் போல் சம்பளமில்லாமல் தீயணைக்கப் போகும் வாலண்டியர்களைத் திட்டிய அந்தப் பதிவுக்கு விழுந்த 41 கட்டைவிரல்களை எண்ணிப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

எந்த வீடு, எந்தச் செவ்வாய்க்கிழமை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தை இதில் இழுக்கப்போவதில்லை. எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள், அது போதும். மதியம் 2 மணி, சமையலறையில் பிடித்த தீ. வீடு எரிகிறது என்றால் கவுன்டியின் (நம் மாவட்ட நிர்வாகத்தின்) டிஸ்பாட்ச் மையத்திலிருந்து ஒரே நேரத்தில் பல தீயணைப்பு ஸ்டேஷன்களுக்கு அழைப்பு போகும். முதலில் போய் நிற்க வேண்டியது எங்கள் வாலண்டியர் ஸ்டேஷனின் எஞ்சின், அதாவது தண்ணீர் வண்டி. அது ஷெட்டை விட்டு நகரவில்லை. டிஸ்பாட்ச் 'ஃபெயில்' என்று குறித்துக்கொண்டது. இரண்டாவதாக வர வேண்டிய வண்டி முதலாவதாக வந்து சேர்ந்தபோது மாடி போய்விட்டது.

அதற்குத்தான் நம் அண்ணன் ஒருவர் எழுதுகிறார்: "வேலைவெட்டி இல்லாதவங்க பொழுதுபோக்குக்கு சைரன் போட்டு சுத்துறாங்க. இந்த வாலண்டியர் கூத்தையெல்லாம் கவுன்டி ஒழிச்சுக் கட்டணும்." 41 பேருக்குப் பிடித்திருக்கிறது. அதில் 6 பேர் என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டவர்கள். போகட்டும்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றும் கேட்டிருந்தார்கள். 38 மைல் தள்ளி, ஒரு கான்ஃபரன்ஸ் ரூமில், ஸ்பிரின்ட் பிளானிங்கில். போனில் அழைப்பு வந்தது. தெருப் பெயரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. செயலியில் யாராவது 'வருகிறேன்' என்று அழுத்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் இல்லை. ஸ்டேஷனில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் 71 வயதுக்காரர், கணக்கு எழுத வந்தவர். இன்னொருவன் 19 வயதுக் கல்லூரிப் பையன். இருவருக்கும் எஞ்சின் ஓட்ட அனுமதி கிடையாது. வண்டி இருந்தது. டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆள் இல்லை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை கவுன்சில் கூட்டத்துக்கு நேரில் போனேன். கவுன்டி அதிகாரி 20 நிமிடம் பேசினார். போன வருடத் தணிக்கை அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். பொறுப்பு, மேற்பார்வை, வெளிப்படைத்தன்மை என்று எத்தனை முறை சொன்னார் என்பதை எண்ண முடியவில்லை. 'ஆள் பற்றாக்குறை' ஒரு முறை வந்ததா என்று காத்திருந்தேன். வரவில்லை.

தணிக்கை அறிக்கை பொய் என்று சொல்லவில்லை. எங்கள் ஸ்டேஷனைப் பற்றி அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மைதான். பயிற்சிப் பதிவேடு ஒழுங்காக இல்லை. இரண்டு பேர் வருடாந்திர மாஸ்க் சோதனை முடிக்காமல் வண்டி ஏறியிருக்கிறார்கள். நிதி திரட்ட நடத்தும் பிங்கோ ஆட்டப் பணத்துக்கு ரசீது சரியில்லை. கேட்க வேண்டிய கேள்விகள், கேட்டார்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை 2 மணிக்கு எங்கள் பதிவேடு முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தால் வண்டி போயிருக்குமா? ரசீதா எழுந்து வந்து ஸ்டியரிங் பிடிக்கும்?

பலருக்கு இந்த அமைப்பே புரிவதில்லை என்பதையும் பார்க்கிறேன். நம் கவுன்டியில் இருப்பது கலப்பு முறை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களும் உண்டு, வாலண்டியர்களும் உண்டு. வாலண்டியர் ஸ்டேஷன் என்பது சட்டப்படி லாப நோக்கமில்லாத தனி நிறுவனம். கட்டடம் அதனுடையது, பல நேரம் வண்டியும் அதனுடையது. அதற்குத் தனித் தலைவர், தனிச் சீஃப். அழைப்பு வந்து வண்டி கிளம்பியதும் அதே ஆட்கள் கவுன்டியின் கட்டளைக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய யூனியன் ஃபயர் கம்பெனி காலத்திலிருந்து அக்கம்பக்கத்தார் கூடி நடத்தும் பழக்கம். அது நவீன அரசாங்கத்தோடு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இந்த நிலைக்கு வந்திருக்கிறது. இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே நுகத்தடி மாதிரி.

இந்த ஒட்டில்தான் கவுன்டிக்கு வசதி. பட்ஜெட் போடும்போது எங்கள் எஞ்சினும் 'சேவையில் உள்ளது' என்று பட்டியலில் வரும். வரி ஏற்றாமல் சமாளித்தோம் என்று மார்தட்டுவார்கள். வண்டி போகவில்லை என்றால் மட்டும், "அது தனி நிறுவனம், எங்கள் ஊழியர்கள் அல்ல." எண்ணிக்கைக்கு நாங்கள் வேண்டும், கணக்கில் நாங்கள் கிடையாது.

"அப்படியென்றால் எல்லா இடத்திலும் சம்பளம் கொடுத்து ஆள் போடட்டுமே" என்பார்கள். போடட்டும். நான் தடுக்கவில்லை. ஒரு சீட்டை 24 மணி நேரமும் நிரப்ப, லீவு, பயிற்சி எல்லாம் சேர்த்து நாலைந்து பேர் தேவை. எஞ்சினில் நாலு சீட். ஒரு வண்டிக்கு 16 முதல் 20 பேர். அத்தனை பேருக்கும் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. சொத்து வரி ஏறியதும் இதே குழுவில் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்காக ஏற்றியபோது எழுதியதை இன்னும் அழிக்கவில்லை, இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி 1984இல் இந்த நாட்டில் 8,97,750 வாலண்டியர்கள் இருந்தார்கள். 2020இல் 6,76,900. அதே காலத்தில் மக்கள்தொகை எவ்வளவோ ஏறிவிட்டது. தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகள் மூன்று மடங்குக்குப் பக்கமாகிவிட்டன, பெரும்பகுதி நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வழுக்கி விழுந்த பெரியவர்கள். இவ்வளவு குறைந்த பிறகும், நாட்டின் தீயணைப்பு வீரர்களில் 100க்கு 65 பேர் சம்பளம் வாங்காதவர்கள். அந்த 65 பேரும் வேலைவெட்டி இல்லாதவர்களா அண்ணா?

வேலைவெட்டி இருப்பதுதான் பிரச்சினையே. ஸ்டேஷனுக்கு எதிரில் மெக்கானிக் ஷாப், பக்கத்தில் பண்ணை என்று இருந்த காலத்தில் சைரன் ஊதினால் ஓடி வந்துவிடுவார்கள். இன்று அந்தப் பண்ணை நம் டவுன்ஹவுஸ்கள். நாம் காலை 7 மணிக்குக் கிளம்பி ராத்திரி 7 மணிக்குத் திரும்புகிறோம். பகலில் ஊரில் ஆளே இல்லை. போதாததற்கு, இந்தக் கவுன்டியில் சம்பளத்துக்குத் தீயணைப்பு வேலை செய்கிறவர் அதே கவுன்டிக்கு அதே வேலையை இலவசமாகச் செய்யக் கூட்டாட்சி ஊதியச் சட்டம் விடாது. வேறு கவுன்டியில் வேலை பார்ப்பவர் லீவு நாளில் இங்கே வரலாம், ஆனால் அவருடைய தொழிற்சங்கம் முறைக்கும். 'இரண்டு தொப்பிக்காரன்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மிஞ்சுவது யார்? ஓய்வு பெற்றவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்.

தீ பரவுவதற்குள் போய்ச் சேரக் கிடைக்கும் நேரமும் முன்பு போல இல்லை. பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யுஎல் நிறுவனம் இரண்டு அறைகளைக் கொளுத்திப் பார்த்தது. பழைய காலத்து மரச் சாமான், பஞ்சு மெத்தை இருந்த அறை முழுக்கப் பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய ஃபோம் சோபா, பிளாஸ்டிக் இருந்த அறை 4 நிமிடம்கூடத் தாங்கவில்லை. அலுவலகத்திலிருந்து நான் எப்படிப் பறந்து வந்தாலும் பயனில்லை.

மேற்பார்வை என்றாலே எங்களுக்கு ஆகாது என்று ஒரு கதை ஓடுகிறது. அதற்கு என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். இரண்டாவது வாரம், தாடி நன்றாக வளர்ந்துவிட்டது. டியூட்டி இரவு, வண்டி ஏறப் போனேன். எங்கள் லெஃப்டினன்ட்டுக்கு 24 வயது, பொடியன். என் முகத்தைப் பார்த்தான். "இறங்குங்கள்" என்றான். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, புகை உள்ளே வந்துவிடும். விதி. மதம், விரதம் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், மறுபடி "இறங்குங்கள்" என்றான். என் மகன் வயதுக்குக் கொஞ்சம் மேலே. காது சிவந்துபோனது. அந்த மண்டலம் முடியும்வரை ஹோஸ் துடைத்தேன், சாம்பார் வைத்துக் கொடுத்தேன் (அவர்கள் அதை சூப் என்று நினைத்துக் குடித்தார்கள், விடுங்கள்). அன்று அவன் செய்தது சரி. அதுதான் மேற்பார்வை. பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, இறங்கு என்று சொல்வது. அதைச் செய்ய ஸ்டேஷனில் ஒரு அதிகாரி இருக்க வேண்டும். அதற்கும் ஆள்தான் வேண்டும்!

அம்மாவுக்கு இந்த வேலை இன்றுவரை புரியவில்லை. ஊரில் தீயணைப்பு என்றால் அரசாங்க உத்தியோகம். "சம்பளமே இல்லாம நெருப்புக்குள்ள போறியா? ஏன்டா, ஆபீஸ்ல எதுவும் பிரச்சினையா?" என்றாள் முதலில். அப்புறம் அவளே எங்கள் தெருவில் வைக்கோல்போர் பற்றிய கதையை எடுத்தாள். ஊரே குடத்தோடு ஓடி வந்தது, யாரும் யாரிடமும் சர்டிபிகேட் கேட்கவில்லை என்று. இதைக் கூட்டத்தில் சொல்லலாம் என்று எழுதியே வைத்திருந்தேன். கடைசியில் சொல்லவில்லை. ஏனென்றால் அன்று கன்றுக்குட்டியை அவிழ்க்க உள்ளே போன பெரியப்பாவின் கை கடைசிவரை மடங்கவில்லை. சர்டிபிகேட் எதற்கு என்பதற்கு அந்தக் கையே பதில்.

அதனால் விதிகளுக்கு நான் எதிரி இல்லை. 2024 பிப்ரவரியில், பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஓஷா புதிய அவசரச் சேவை விதிகளை முன்மொழிந்தபோது நாடு முழுக்க வாலண்டியர் அமைப்புகள் எதிர்த்தன. சின்ன ஸ்டேஷன்கள் மூடிவிடும் என்றார்கள். எனக்கு அதில் பாதி விதிகள் பிடித்தே இருந்தன. மீதிப் பாதியை நிறைவேற்ற யார் வருவார்கள் என்பதுதான் என் கேள்வி. ராத்திரி 10 மணிக்கு வேலை முடிந்து வந்து, ஹோஸ் சோதித்து, அதற்கு மூன்று படிவம் நிரப்பச் சொன்னால், அந்த 19 வயதுப் பையன் அடுத்த வருடம் இருப்பானா?

"இரண்டு வருடத்துக்கு முன் பகல் நேரத்துக்குச் சம்பள ஆட்களைத் தருகிறோம் என்று கவுன்டி சொன்னதே, உங்கள் போர்டுதானே மறுத்தது?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். ஆமாம், மறுத்தது. கூடவே கட்டடச் சாவியும் வேண்டும் என்றார்கள், எங்கள் பெரியவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ஓட்டெடுப்பில் நான் கை தூக்கவில்லை. எதற்கும் தூக்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

இப்போதும் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில், நாலு பேர். ஒரு டிரைவர், ஒரு அதிகாரி, இரண்டு பேர். ராத்திரியும் சனி ஞாயிறும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இப்படி ஆள் போடுவதற்காகவே கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பான ஃபீமாவிடம் 'சேஃபர்' மானியம் இருக்கிறது, விண்ணப்பித்தால் கிடைக்கலாம். சாவியையும் வாங்கிக்கொள்ளுங்கள், தொலையட்டும்.

பொழுதுபோக்கு என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது. 2024 பிப்ரவரி 16, வர்ஜீனியாவில் லவுடன் கவுன்டி, ஸ்டெர்லிங். பக்கத்து ஆஷ்பர்னில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கேஸ் வாடை அடிக்கிறது என்று அழைப்பு. மண்ணுக்கடியில் இருந்த புரொப்பேன் டேங்கில் கசிவு. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வீடு வெடித்தது. இறந்தவர் ஒரு வாலண்டியர். அன்று நம் குழுவில் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டோம். நீங்களும் போட்டீர்கள் அண்ணா, மேலே தள்ளிப் பாருங்கள், இருக்கும்.

நம் ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். பொங்கல் விழாவுக்கு 600 பேர் வருகிறோம். 75 மணி நேர சேவை இல்லாமல் நம் மேரிலாந்தில் அரசுப் பள்ளிப் படிப்பு முடிக்க முடியாது என்பதால் பிள்ளைகளை எங்கெங்கோ அனுப்பி மணிக்கணக்கில் கையெழுத்து வாங்குகிறோம். ஆறு வருடத்தில் நம்மில் எத்தனை பேர் ஸ்டேஷனுக்கு வந்து படிவம் கேட்டார்கள் தெரியுமா? இரண்டு பேர். ஒருவர் இஎம்டி (அவசர மருத்துவ உதவி) வகுப்பு 150 மணி நேரத்துக்கு மேல் என்றதும் போய்விட்டார். இன்னொருவர் பார்க்கிங் கேட்க வந்தவர்.

ஆனால் ஸ்டேஷன் ஹால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வளைகாப்பு அங்கே, முதல் பிறந்த நாள் அங்கே, போன வருடம் அந்த அண்ணன் மகளின் அரங்கேற்ற விருந்தும் அங்கேதான். அந்த வாடகையில்தான் ஹோஸ் வாங்குகிறோம், பூட்ஸ் வாங்குகிறோம். கவுன்டி தருவது போதாது. நான் சிபாரிசு செய்து அவருக்கு 100 டாலர் குறைத்துக் கொடுத்தேன். ராத்திரி 1 மணிக்கு மேல் வாழையிலை பொறுக்கிப் போட்டதும் நாங்கள்தான், பொழுதுபோக்குக்கு.

இனிமேல் ஹால் புக்கிங்குக்கு யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம் என்று எழுதிவிட்டு அழித்தேன். பண்ணுங்கள். அடுத்த மாதம் இரண்டு சனிக்கிழமை காலியாக இருக்கிறது. பம்ப் பழுதுபார்க்கப் பணம் தேவை. தள்ளுபடி மட்டும் கேட்காதீர்கள்.