குளிர்ந்த நீரில் நிறம் இறங்கினால் டீ பேக்கில் சாயமா?

பிரிட்டனில் விற்கும் டீ பேக்கைக் குளிர்ந்த நீரில் போட்டதும் செந்நிறம் பரவுவதைக் காட்டி, "இது சாயம் கலந்த தேயிலை, நல்ல தேயிலை வெந்நீரில் மட்டுமே நிறம் விடும்" என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இது தவறு.

அந்நாட்டு டீ பேக்குகளில் பெரும்பாலும் இருப்பது கென்யா, அசாம் போன்ற இடங்களின் சிடிசி (நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) தேயிலை. 1930களில் அசாமில் உருவான இம்முறையில், பல் வெட்டிய உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாக்குகின்றன. செல்கள் சிதைந்துவிடுவதால், நொதித்தலில் (இலை காற்றுபட்டு நிறம் மாறும் கட்டம்) உருவான தியாஃப்ளாவின், தியாருபிஜின் ஆகிய இயற்கை நிறப்பொருள்கள் குளிர்ந்த நீரிலும் கரைகின்றன. முழு இலைக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இரவெல்லாம் குளிர்நீரில் ஊறவைத்துத் தேநீர் தயாரிப்பவர்களும் உண்டு.

தேயிலையில் நிறமி சேர்க்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. பாக்கெட்டின் உட்பொருள் பட்டியலிலும் பிரிட்டன் உணவுத் தர முகமையின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

தரம் அறிய வேண்டுமா? சுவைச் சோதனைக்குத் தேநீர் தயாரிக்கும் சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 3103-இன்படி 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையை 6 நிமிடம் ஊறவைத்துச் சுவைப்பார்கள், பாலும் சேர்க்கலாம். சுள்ளென்ற துவர்ப்பும் பாலை மீறி நிற்கும் திடமும் இருக்கின்றனவா என்று நாக்கு சொல்லும். குளிர்நீர்க் கோப்பை எதையும் சொல்லாது. எனக்கும் சில டீ பேக்குகள் சப்பென்றுதான் இருக்கின்றன. அதற்காக அவற்றில் சாயம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் காணொளி வந்தால் மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.