ஊராட்சிக் கணக்கு நெட்டில் இருக்கிறது, ஊருக்குள் இல்லை

ஊராட்சிக் கணக்கைப் பார்க்க இப்போது யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் போதும். மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் பதினைந்தாவது நிதிக்குழுப் பணம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் எந்த வேலைக்குப் போனது என்று வவுச்சர் வரைக்கும் திறக்கும். லாகின் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள் இருக்கின்றன. நான் பேசிப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வார்டு உறுப்பினர்களும் அதில் அடக்கம்.

எங்கள் ஊர்க் கணக்கைப் பிரிண்ட் எடுத்துச் சிலரிடம் காட்டினேன். தாள் முழுக்க அலுவலகத்தில் யாரோ அவசரமாக ஆங்கிலத்தில் தட்டிய சுருக்கங்கள். தளத்தையே தமிழாக்கினாலும் அந்தச் சுருக்கங்கள் மாறப்போவதில்லை. ஆனால் டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் வரிவரியாகப் படித்துக் காட்டியதும் மனிதர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "இது கிழக்கால போர் மோட்டாருங்க. காயில் எரிஞ்சு போச்சு, கழட்டி டவுனுக்குக் கொண்டுபோய்க் கட்டிட்டு வந்தோம். மாசி கடைசியில மறுபடி எரிஞ்சுது." ஒரே மோட்டாருக்கு அடுத்தடுத்துச் செலவு என்றால் வெளியாள் களவு என்றுதான் நினைப்பார். நானும் அப்படிச் சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன். அவர் சொன்ன காரணம் வேறு. சாயங்காலமானால் அந்த லைனில் வோல்டேஜ் நிற்பதில்லை, காயில் தாங்குவதில்லை. கிராம சபையில் இதை எடுத்தபோது பேச்சு "எவன் தின்றது" என்பதிலிருந்து "டிரான்ஸ்பார்மருக்கு எழுதிக் கொடுத்தீர்களா" என்பதற்கு நகர்ந்தது. மின்வாரியத்துக்கு ஒரு தீர்மானம் போட்டார்கள்.

வெளிப்படைத்தன்மை என்றாலே திருடனைப் பிடிக்கும் கருவி என்று நாம் பழகிவிட்டோம். நேர்மையாக வேலை செய்கிற தலைவருக்கும் செயலருக்கும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. காயில் எரிந்த கதை ஊருக்குத் தெரிந்தால் அவர்கள் மேல் பழி விழாது, பழுதுக்கும் வழி பிறக்கும். அந்தக் கதை தெரிந்தவர் சென்னையில் இருக்கும் தணிக்கையாளர் அல்ல, ஊரில் வால்வு திறந்துவிடுகிறவர். கணக்கு அவர் காதுக்குப் போய்ச் சேராதவரை தளம் எத்தனை வேகமாக இயங்கினாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் கருத்து.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் இதைக் கணினி இல்லாமலே செய்தது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்கள் சேர்ந்து கட்டிய இயக்கம். 1994-ல் தொடங்கி ஊர் ஊராக 'ஜன் சுன்வாய்' என்று பொது விசாரணை நடத்தினார்கள். பஞ்சாயத்து பில்களையும், வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவான மஸ்டர் ரோலையும் ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பணம் என்று வந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களே எழுந்து "அது பொய்" என்றார்கள். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள்தான் பாதை போட்டன. அதே மாநிலத்தில் 2019 செப்டம்பர் 13 அன்று ஜன் சூச்னா என்ற அரசுத் தளம் வந்தது. ரேஷன், ஓய்வூதியம், வேலைத்திட்டம் என்று ஊராட்சி வாரியாக, மனு போடாமலே பார்க்கலாம். அதில் எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று அதிகாரிகள் அந்த இயக்கத்தாரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தார்கள். எனக்கு அந்த ஒரு விஷயம்தான் பொறாமையாக இருக்கிறது. நம் ஊரில் ஆப் தயாராகி, திறப்பு விழா முடிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டியவருக்கே தெரிகிறது.

இத்தனைக்கும் தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம், மத்திய சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்னால். மத்திய சட்டத்தின் 4-ஆம் பிரிவும் தெளிவாகவே இருக்கிறது. மக்கள் மனு போட வேண்டிய தேவையே குறையும் அளவுக்கு அரசு தானாகத் தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு எட்டும் வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இணையத்தோடு சேர்த்து அறிவிப்புப் பலகையும் பொது அறிவிப்பும் அந்தப் பிரிவிலேயே வருகின்றன. ஆக, கணக்கைத் தமிழில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல.

தளத்தில் இல்லாதவையும் உண்டு. ஒரு சிமெண்ட் சாலை எத்தனை மீட்டர், எவ்வளவு கனம் என்று ஓவர்சியர் எழுதுவது எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில். அது ஒன்றிய அலுவலக பீரோவில் இருக்கிறது. நெட்டில் தெரிவது தொகையும் போட்டோவும்தான். போட்டோவில் சாலையின் கனம் தெரியாது. எஸ்டிமேட்டையும் எம்-புக் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வவுச்சரோடு சேர்த்துவிட்டால், கொத்தனார் ஒருவர் டேப்பை வைத்து அளந்தே சொல்லிவிடுவார். இதற்குப் புது மென்பொருள் எதுவும் தேவையில்லை.

அப்புறம் டிஜிட்டல் கையெழுத்து. பணம் போக இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அது பென் டிரைவ் அளவில் ஒரு டோக்கனில் இருக்கும். பெண் தலைவர்களும் பட்டியல் சாதித் தலைவர்களும் தங்கள் டோக்கன் வேறு யாரிடமோ இருக்கிறது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணவரிடம், செயலரிடம், சில சமயம் கம்ப்யூட்டர் சென்டரில். தன் கையெழுத்தில் என்ன போனது என்று தலைவருக்கே தெரியாத இடத்தில் ஊருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பணப் பட்டுவாடாவுக்கும் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் அத்தனை பேர் போனுக்கும் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். போகட்டும். வங்கிகள் இதை எத்தனையோ வருடமாகச் செய்கின்றன.

28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள், அதாவது அரசு அதிகாரிகள் கைக்குப் போனது. 2016-லிருந்து 2019 வரையும் இதே கதைதான். தலைவர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்றாவது கேட்கலாம். தனி அலுவலருக்கு ஒரே நேரத்தில் பல ஊராட்சிகள். அப்படிப்பட்ட காலத்தில்தான் கணக்கு வெளியே தெரிய வேண்டிய அவசியம் கூடுகிறது.

கிராம சபை நாட்கள் உங்களுக்கே தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததற்கு முன்னால் உங்கள் ஊர்க் கணக்கை எடுங்கள். குடிநீர்ச் செலவிலிருந்து ஆரம்பியுங்கள், அதில்தான் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். டேங்க் ஆபரேட்டரையும் தூய்மைக் காவலரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். சுருக்கங்கள் புரியவில்லை என்றால் இங்கே போடுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.