உழுத வயலும் விமானச் சத்தமும்

விமான நிலையங்கள் சூழலைக் கெடுக்காமல் இயங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் கொச்சியைச் சொன்னது சரி. 2015-லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிய நிலையம் அது. ஆனால் சத்தத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2003-ல் புது ஓடுபாதை வந்ததும் அக்கம்பக்கத்து ஊர்களில் ஓயாத உறுமல். அறுவடை முடிந்து வயலை உழுத பிறகு அது குறைவதைக் கவனித்தார்கள். உழவுசால் மேடுகள் தரையோடு வரும் ஒலியைச் சிதறடிக்கின்றன. அதையே பெரிதாக்கி, வரிசை வரிசையாக ஆளுயர மண்வரப்பு போட்டு 2013-ல் ஒரு பூங்காவே அமைத்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கோடை உழவு ஓட்டிய வயலில் மண் கட்டி கட்டியாகப் புரண்டு கிடக்கும். எனக்கு அதுதான் கண்முன் வந்தது. அக்கா வீடு ஓர் ஓடுபாதைக்கு அருகில். விமானம் கிளம்பும்போது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும், பேசுகிறவர்கள் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார்கள்.

திருச்சியில் 2024-ல் புது முனையம் வந்திருக்கிறது. இனி விரிவாக்கும்போது சுற்றுச்சுவரோடு நிறுத்தாமல் இப்படி வரப்பு போடவும் இடம் ஒதுக்க வேண்டும். வரப்பு வெட்ட நம் ஊரில் ஆளா இல்லை?